1989-க்குப் போகும் செல்போனில் எது வேலை செய்யும்? என் காலப்பயண நாவலுக்கு ஒரு சந்தேகம்

தாழ்வாரம்

13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு காலப்பயண நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டது. இப்போது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கதையைச் சொன்னால்தான் சிக்கல் புரியும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

யாழினிக்குப் பதினாறு வயது. 2025-இலிருந்து 1989 ஜூலை 1-ஆம் தேதிக்குப் போகிறாள். அங்கே தன் அம்மாவைச் சந்திக்கிறாள். அம்மாவுக்கும் அப்போது பதினாறு. நிகழ்காலத்தில் அம்மா இல்லை. யாழினிக்கு ஒரு வயது இருக்கும்போதே போய்விட்டார். அவர் குரல் மிச்சமிருப்பது ஒரே ஒரு கேசட்டில்தான். சின்ன வயதில் பாடிப் பதிந்து வைத்தது. அந்தப் பாட்டின் முடிவில் ஒரு விநோதமான சத்தம் வரும். ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் 'டிட்-டிடிட்-டிடிட்' என்று இரையுமே, அதே சத்தம். 1989-இல் பதிந்த கேசட்டில் செல்போன் இரைச்சல் எப்படி வந்தது? கதையின் முடிச்சு இதுதான்.

முதல் வரைவில் யாழினி அங்கே போனதும் போனை எடுத்து வரைபடம் பார்ப்பாள், தெரியாததைத் தேடிக் கண்டுபிடிப்பாள். அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "சித்தி, டவரே இல்லாத காலத்தில் இவள் எப்படித் தேடுகிறாள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதினெட்டுப் பக்கங்களைத் தூக்கிப் போட்டேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். திரும்பி வரும்போது போன் அவளோடு வராது, 1989-இலேயே தங்கிவிடும். அதை மாற்ற மனமில்லை. மற்றபடி அந்தப் போனால் அங்கே உண்மையில் என்ன முடியும்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய ரேடியோ

முப்பது வருடம் ரேடியோ, டேப் ரெக்கார்டர், அப்புறம் செல்போன் என்று பழுது பார்த்தவன் நான். முதலில் உங்கள் முடிச்சையே அவிழ்க்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். அந்த 'டிட்-டிடிட்' சத்தம் 1989-இல் வராது.

அந்த இரைச்சல் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையில் இயங்கும் போன் டவருக்குத் தகவல் அனுப்பும்போது வருவது. போன் தொடர்ந்து அனுப்பாது, வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பைப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கியின் ஒயர்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் போன் ஒருநாளும் தானாக முதலில் பேசாது. டவர் எப்போதும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் அடையாள சிக்னலைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கும். டவர் இல்லையென்றால் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அவசர அழைப்புக்கும் இதே கதைதான்.

முதல் ஜிஎஸ்எம் அழைப்பு பின்லாந்தில் பேசப்பட்டது 1991 ஜூலை 1-இல். உங்கள் யாழினி போய் இறங்குவது சரியாக அதற்கு இரண்டு வருடம் முன்னால். அதற்கு முன்பே சில நாடுகளில் செல்போன்கள் உண்டு, ஆனால் அவை அனலாக். இன்றைய போனுக்கு அந்த மொழி தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் கிடைக்காத இடத்தில் போன் ஓயாமல் தேடிக்கொண்டிருப்பதால் பேட்டரி வேகமாக இறங்கும். ஏரோபிளேன் மோடில் போடத் தெரிந்த பெண்ணாக இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

மின்மினி

நான் பதினொன்றாம் வகுப்பு. இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவள். அக்கா, எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எதிர்காலத்திலிருந்து போகிற ஆளுக்கு எல்லாமே தெரிந்திருக்கும். மருந்து செய்வார்கள், மோட்டார் செய்வார்கள். எனக்கு மருந்தின் பெயர்தான் தெரியும், செய்யத் தெரியாது. இணையம் இல்லாமல் போனால் எனக்கு உண்மையில் என்னென்ன தெரியும் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

யாழினிக்கும் அந்தப் பயம் வரட்டும். போனில் என்ன இருக்கிறது என்று அவள் முதல் தடவையாகப் பார்க்கட்டும். என் போனில் பாட்டு எல்லாம் செயலியில்தான் இருக்கிறது. தரவிறக்கி வைத்தவைகூட அவ்வப்போது இணையத்தில் சரிபார்க்காவிட்டால் சில வாரங்களில் பூட்டிக்கொள்ளும். புகைப்படங்கள் பாதிக்கு மேல் கிளவுடில். கையில் வைத்திருப்பது வெறும் சாவி, பெட்டி வேறெங்கோ இருக்கிறது.

ரேடியோ சார், அப்போது எதுவுமே வேலை செய்யாதா?

பழைய ரேடியோ

நிறைய வேலை செய்யும், கேளம்மா.

டார்ச், கேமரா, கணிப்பான், திசைகாட்டி, ஒலிப்பதிவு எல்லாம் ஓடும். சார்ஜரைக் கொண்டுபோயிருந்தால் 1989-இன் சுவர் பிளக்கில் மாட்டலாம், மின்சாரம் மாறவில்லை. அவள் சார்ஜரை மறந்துவிட்டுப் போனால் கதைக்கு நல்லது. ஏனென்றால் அங்கே யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. யுஎஸ்பி என்பதே 1996-இல்தான் வந்தது.

அவள் போனில் இயர்போன் துளை இருக்கட்டும். புதுப் போன்களில் பலவற்றில் கிடையாது, ஆகவே வீட்டில் யாரோ கழித்துக் கொடுத்த பழைய போனாக இருக்கட்டும். சில பழைய மாடல்களில் எஃப்எம் ரேடியோ உண்டு, இயர்போன் ஒயர்தான் ஏரியல். அந்த ஊரில் 1989-இல் எஃப்எம் ஒலிபரப்பு இருந்தால் தெளிவாகக் கேட்கும். டவர் இல்லை, இணையம் இல்லை. அந்தக் காலத்து மனிதர் ஒருவர் காதுக்குள் செய்தி வாசிப்பார். அதைக் கேட்கும் நொடியில் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

1989-இன் கணினியோடு இந்தப் போனை எந்த ஒயராலும் சேர்க்க முடியாது. கம்பியில்லா வழியும் இல்லை, வைஃபைக்கான முதல் தரவரையறையே 1997-இல்தான். தமிழ் எழுத்தைக்கூட இன்னொரு கணினியால் படிக்க முடியாது, எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் பொது எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991 அக்டோபரில். போனுக்கும் அந்தக் காலத்துக்கும் நடுவே மிஞ்சுவது திரையின் வெளிச்சமும் ஸ்பீக்கரின் ஒலியும்தான். ஒலியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அன்றைய வீட்டுக் கணினிகள் பல, நிரலையே கேசட்டில் ஒலியாகத்தான் சேமித்தன.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஜிபிஎஸ்.

1989-இல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. முழு எண்ணிக்கை இல்லை, இருந்த சிலவும் ஒரு நாளில் சில மணி நேரம்தான் தலைக்கு மேல் வரும். ஆனால் அவை அனுப்பிய சிக்னல் இன்றைய போனுக்குப் புரியக்கூடியது. தேதி அறிய ஒரே ஒரு செயற்கைக்கோளைக் கேட்டால் போதும். அந்த சிக்னலில் ஆண்டு, மாதம் என்று எதுவும் வராது. 1980 ஜனவரி 6-இலிருந்து இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது வினாடி என்ற எண்கள் மட்டும் வரும். வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பத்து பிட், அதாவது 0, 1 மட்டும் கொண்ட பத்து இலக்கம், அதனால் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை அப்படித் திரும்பியது, 2019 ஏப்ரலில் இன்னொரு தடவை. இப்போது எந்தச் சுற்று நடக்கிறது என்பதைப் போன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். 2019-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பித்த போன், இது மூன்றாவது சுற்று என்றே எடுத்துக்கொள்ளும்.

1989 ஜூலை 1, வார எண் 494. அதை மூன்றாவது சுற்றில் வைத்தால் 2028 செப்டம்பர் 30. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கிழமைகூட மாறாது, இரண்டுமே சனிக்கிழமை.

தாழ்வாரம்

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். போன் அவளிடம் 2028 என்று சொல்லுமா?

பழைய ரேடியோ

முகப்பில் இருக்கும் கடிகாரம் தன் பாட்டுக்கு 2025 என்றே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஜிபிஎஸ் நிலவரம் காட்டும் செயலிகள் உண்டு. எந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது, அது சொல்லும் தேதி என்ன என்று காட்டும். வெட்டவெளியில் அதைத் திறந்தால் 2028 வரும்.

மின்மினி

அக்கா, அவள் எதிர்காலத்துக்குப் போய்விட்டதாக நினைக்கட்டும்! மூன்று வருடம் முன்னால் குதித்துவிட்டோம், அதற்குள் டவர் எல்லாம் போய்விட்டது, ஏதோ பெரிய அழிவு நடந்திருக்கிறது என்று நினைக்கட்டும். சுற்றிலும் பழைய வண்டி, பழைய வீடு. அதையும் அழிவுக்கு அப்புறம் ஜனங்கள் பழையபடி வாழ்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வாள். அப்புறம் எஃப்எம்மில் செய்தி.

அணுக்கடிகாரம்

இயற்பியல் பக்கத்திலிருந்து கொஞ்சம். இந்த வகை நாவல்களுக்கு வழக்கமாக வரும் கேள்வி ஒன்றிருக்கிறது, உங்கள் இளம் வாசகர் யாராவது கேட்பார். பூமி சூரியனை வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சூரியன் பால்வெளி மண்டலத்தின் மையத்தை வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுற்றுகிறது. 36 வருடம் பின்னால் குதித்தால் யாழினி வெட்டவெளி விண்ணில் அல்லவா மிதக்க வேண்டும்?

இதற்குச் சால்ஜாப்பு தேட வேண்டாம். 'அதே இடம்' என்று பிரபஞ்சத்தில் ஒன்று கிடையாது. எதை வைத்து அதே இடம்? பூமியை வைத்தா, சூரியனை வைத்தா? எல்லாவற்றுக்கும் பொதுவான அசையாப் புள்ளி எதையும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை ஒப்புக்கொள்வதில்லை. கருவி பூமியோடு சேர்ந்தே நகர்கிறது என்று வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று. 1988-இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவருடன் இருந்த இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விண்வெளியில் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி போன்ற ஒரு புழுத்துளை, அதற்கு இரண்டு வாய்கள். ஒரு வாயை வெகுவேகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் அங்கே காலம் குறைவாகக் கழிந்திருக்கும். அப்போது ஒரு வாயில் நுழைந்து மற்றதில் வெளியே வருவது கடந்த காலத்துக்குப் போவதாகிவிடும். அப்படியொரு துளையைத் திறந்து வைக்க இயலுமா என்பது வேறு விஷயம். கதைக்கு முக்கியம் அதிலிருந்து கிடைக்கும் விதி. கருவி அமைக்கப்பட்ட நாளுக்கு முன்னால் யாராலும் போக முடியாது.

உங்கள் 1989 ஜூலை 1-க்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அன்றுதான் அந்த வாய் முதன்முதலில் திறந்தது. யாழினி ஏன் அந்த நாளுக்குப் போனாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கு முந்தைய நாள் எதற்கும் போகவே முடியாது. ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28-இல் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். அழைப்பை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். யாரும் வரவில்லை. தோர்ன் சொன்ன வழியில் பார்த்தால், அந்த நாளுக்கு முன் யாரும் வாய் திறந்து வைக்கவில்லை என்பதுவரைதான் அது காட்டுகிறது.

ரேடியோ அண்ணன் சொன்ன ஜிபிஎஸ்ஸோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளுக்கு ஏறக்குறைய 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். அதைச் சரிக்கட்டாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். காலம் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடுவதை யாழினி தினமும் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள்.

நூலகத்து எழில்

நான் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. கேசட்டில் சத்தம் ஏற்கெனவே இருக்கிறது, அப்படியானால் யாழினி போவதும் ஏற்கெனவே நடந்தாகிவிட்டது. அவளால் எதையும் மாற்ற முடியாது. அம்மாவைக் காப்பாற்ற முடியாது. பதினாலு வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டு 'என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது' என்று புத்தகத்தை மூடினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வயதில் ஏற்கெனவே அவர்களுக்கு அந்த எண்ணம் வந்து வந்து போகும். என் மேசைக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அணுக்கடிகாரம்

இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொன்னது இதைத்தான். காலப்பயணம் உண்டென்றால், தன்னோடு முரண்படாத நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும். நீ போய்த் தாத்தாவின் கல்யாணத்தைத் தடுக்க முடியாது, ஏனென்றால் நீ தடுக்கவில்லை. எழில், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த விதியைத் தளர்த்தினால் முடிச்சே போய்விடும்.

மின்மினி

எழில் மேடம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழினிக்கு அம்மாவைத் தெரியவே தெரியாது. போய்விட்டு வந்தால் தெரியும். அது மாற்றம் இல்லையா? கதையில் ஒருத்தர் போய் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு வந்தால் எனக்குப் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கும், மறுநாள் மறந்துவிடும். என் பாட்டி போன வருடம் போய்விட்டார். காப்பாற்றியிருக்கலாம் என்று எந்தக் கதை சொன்னாலும் என்னால் நம்ப முடியாது. அவரிடம் கேட்காமல் விட்டது நிறைய இருக்கிறது. ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்க முடிந்தால் போதும் என்று இருக்கிறது.

நூலகத்து எழில்

மின்மினி, நீ எழுதியதைப் படித்தேன். நான் கேட்டது தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தாழ்வாரம், இந்தப் பெண் சொன்னதைக் கதையில் யாராவது யாழினியிடம் சொல்ல வேண்டும், அல்லது யாழினியே அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவள் கையோடு ஏதாவது கொண்டு வரவும் வேண்டும். போனையும் அங்கேயே விடுகிறீர்கள், அதிலிருக்கும் பதிவும் போய்விடும். நினைவு மட்டும் என்றால் வாசகருக்குக் கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்.

தாழ்வாரம்

மின்மினி, உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி.

எழில் கேட்டதில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன். போனைக் கொண்டு வந்துவிட்டால் அது வெறும் சுற்றுலா வீடியோ ஆகிவிடும் என்று தோன்றுகிறது. 'டிட்-டிடிட்' போய்விட்டது, சரி. அதற்குப் பதிலாகப் பேட்டரி தீரும்போது போன் போடும் 'பீப்' சத்தத்தை வைக்கலாம். அம்மா பாடிக்கொண்டிருக்கிறார், டேப் ஓடுகிறது, கடைசி வரியில் யாழினியின் பையிலிருந்து 'பீப்'. ஆனால் அதில் ஓர் ஓட்டை. அந்தச் சத்தத்தை அவள் தினமும் போனில் கேட்கிறாளே, சின்ன வயதிலிருந்து கேட்ட கேசட்டில் அது என்னவென்று கண்டுபிடித்திருக்க மாட்டாளா?

பழைய ரேடியோ

கண்டுபிடிக்க மாட்டாள். டேப் ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட விடுங்கள்.

கேசட் ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். செல் இறங்கினால் மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்துவிட்டு, அப்புறம் நல்ல வேகத்தில் போட்டுக் கேட்டால் எல்லாமே வேகமாகவும் கீச்சென்றும் கேட்கும். இப்படிப்பட்ட கேசட்டுகளை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். 'எங்கப்பா குரல் இப்படி இருக்காதே' என்பார்கள். அந்தப் 'பீப்' ஆறு சதவீதம் உயர்ந்தால் போதும், ஒரு ஸ்வரஸ்தானம் தள்ளிப்போய்விடும். சுற்றிலும் டேப் இரைச்சல் வேறு. ஏதோ பறவை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மின்மினி

ஒரு நிமிஷம். அப்படியென்றால் அம்மாவின் குரலும் தப்பாகத்தானே இருக்கும்?

பழைய ரேடியோ

ஆமாம் அம்மா. அதுவும் தப்பாகத்தான் இருக்கும்.

மின்மினி

அக்கா!! யாழினி பதினைந்து வருடமாகக் கேட்டது அம்மாவின் உண்மையான குரலே இல்லை. ஆனால் அந்தப் 'பீப்' எந்த ஸ்வரத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். 2025-இல் அதே மாடல் போன் ஒன்று கிடைத்தால் போதும், பேட்டரியைத் தீரவிட்டு அந்தச் சத்தத்தைப் பதிய வேண்டும். கேசட்டில் இருப்பது எத்தனை சதவீதம் உயர்ந்திருக்கிறது என்று கணினியில் பார்த்துவிடலாம். அந்த அளவுக்குக் கேசட்டை மெதுவாக்கினால் குரல் சரியாகிவிடும்.

அணுக்கடிகாரம்

நோவிகோவுக்கும் இதில் எந்த ஆட்சேபமும் இருக்காது. கேசட்டில் ஒரு துகள்கூட மாறவில்லை. தேவையான அளவுகோல் 36 வருடமாக அதற்குள்ளேயே இருந்தது.

தாழ்வாரம்

பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு வரியை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டேன்: "சின்ன வயசுக் குரல்ல, அதான் கீச்சுனு இருக்கு."

1989-இல் அவள் அம்மாவை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதாக வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். இப்போது வாசலில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தியின் குரல் மெல்லியது, கேசட்டில் உள்ளது போலவே. யாழினி அவளிடம்தான் ஓடுகிறாள். மற்றவள், கொஞ்சம் கனத்த குரலில், "யாரும்மா நீ, யாரைத் தேடற?" என்று கேட்கிறாள். யாழினி அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ரேடியோ ஐயா, கடைசியாக ஒன்று. அந்த டேப் ரெக்கார்டரில் செல் இறங்கிவிட்டது என்பதை அம்மா கவனிக்காமல் இருக்க, அதில் சின்ன விளக்கு எதுவும் இல்லாத மாடலாக வைக்கலாமா?

பழைய ரேடியோ

தாராளமாக. பல மாடல்களில் விளக்கு கிடையாது. பதியும்போது மோட்டார் மெதுவாவது காதுக்குத் தெரியாது, அவர் பாடிக்கொண்டிருப்பார் அல்லவா. போட்டுக் கேட்கும்போதும் அதே செல்தான் என்றால் அன்றைக்குச் சரியாகவே கேட்கும். புது செல் போட்ட பிறகுதான் குரல் மாறும்.